கைத்தடியா, கயிறா?

கொங்கு நாட்டில் நேரம் என்பது ஒரு காலத்தில் காதால் கேட்டு அறியப்பட்ட பொருள். நூற்பாலையின் சங்கு ஊதினால் ஷிப்ட் மாறுகிறது என்று ஊர் முழுவதும் அறிந்தது. கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தின் மணி ஒலித்தால், அடுப்பில் உலை வைப்பவளும் தறியில் நாடா ஓட்டுபவனும் பொழுதைக் கணக்கிட்டுக் கொண்டார்கள். பள்ளிவாசல்களில் முழங்கிய நகராவும் மோதினார் சொன்ன பாங்கும் தொழுகைக்கான அழைப்புகள். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அவையே கடிகாரங்களாகவும் இருந்தன. நேரம் அன்று பொதுச்சொத்து. ஊரார் அனைவரும் ஒரே ஒலியைக் கேட்டு எழுந்தனர். ஒரே ஒலியைக் கேட்டு உறங்கினர்.

அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு சிறப்பு இருந்தது. அது நம்மிடம் இருந்தவரை நாம் அதனை எண்ணிப் பார்த்ததில்லை. டமாஸ்கஸ் நகரத்து உமய்யாப் பள்ளிவாசலில் பதினான்காம் நூற்றாண்டில் முவக்கித், அதாவது நேரங்கணிப்பவர், என்னும் பொறுப்பில் இருந்த வானியல் அறிஞர் இப்னு ஷாத்திர் 1371-ஆம் ஆண்டு வாக்கில் அதன் மினாராவுக்கென ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தை அமைத்தார். அந்தக் கடிகாரம் மனிதர்க்கு நேரத்தைச் சொல்லிற்று. மனிதரைப் பற்றி எவர்க்கும் எதனையும் சொல்லவில்லை. நம் ஊர் ஆலைச் சங்கு சற்றுக் கண்டிப்பானதுதான். பிந்தி வந்தவனுக்கு வாயில் அடைபட்டதுண்டு. எனினும் அதன் அதிகாரம் ஆலை வாயிலோடு முடிந்தது. வேலை முடிந்து வீடு திரும்பியவனின் பின்னால் சங்கு நடந்து வந்ததில்லை.

இன்று கடிகாரம் பேசும் திசை மாறியிருக்கிறது. அது நமக்கு நேரத்தைச் சொல்வதோடு நிற்கவில்லை. நம்மைப் பற்றிப் பிறர்க்கும் சொல்கிறது. தனித்தியங்கும் செல்லுலார் ஸ்மார்ட் வாட்ச் என்று கடைகளில் விற்கப்படும் கருவியை முன்வைத்து, இந்த மாற்றம் நன்றோ தீதோ என்று ஆராய்வதே நம் நோக்கம்.

முதலில் கருவியை அறிந்து கொள்வோம். சாதாரண ஸ்மார்ட் வாட்ச் செல்பேசியின் நிழல் போன்றது. செல்பேசி அருகில் இருக்கும்வரை அது அழைப்பைக் காட்டும், செய்தியைக் காட்டும். செல்பேசியை விட்டு விலகிச் சென்றால் ஏறத்தாழ ஊமையாகி விடும். செல்லுலார் வகை அவ்வாறன்று. அதனுள் இ-சிம் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அது செல்பேசிக் கோபுரத்தோடு நேரடியாகத் தொடர்பு கொள்ளும். அழைக்கும், பேசும், செய்தி அனுப்பும். ஜிபிஎஸ் மூலம் தான் இருக்குமிடத்தை அறியும். தோலின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, இரத்த ஓட்டத்துக்கு ஏற்ப அவ்வொளி உறிஞ்சப்படும் ஏற்றத்தாழ்வைக் கொண்டு நாடித்துடிப்பைக் கணக்கிடும். கையின் அசைவில் ஏற்படும் திடீர் மாற்றத்தைக் கொண்டு, அணிந்தவர் கீழே விழுந்தார் என்று ஊகித்து, அவர் பதில் தராவிடில் தானே உதவிக்கு அழைக்கும் வகைகளும் உள்ளன.

1946-இல் அமெரிக்கப் படக்கதை நாயகன் டிக் டிரேசியின் மணிக்கட்டில் வானொலி பேசியபோது அதனை வேடிக்கையாகவே உலகம் படித்தது. 1973 ஏப்ரலில் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று பேசிய முதற் கைப்பேசியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ இன்று ஒரு பொத்தானைவிடச் சற்றே பெரியதாய் மணிக்கட்டில் அடங்கிவிட்டது. இந்தியாவில் 2018 மே மாதத்தில் ஏர்டெல்லும் ஜியோவும் ஆப்பிள் நிறுவனத்தின் செல்லுலார் கடிகாரத்துக்கு இணைப்பு வழங்கத் தொடங்கின. 2024-இல், சொந்தச் செல்பேசி இல்லாத சிறுவர்களும் அத்தகைய கடிகாரத்தை அணியும் ஏற்பாடு இங்கு வந்தது. கருவி கைக்கு எட்டிவிட்டது. அதனை யார் கையில், யார் கட்டுவது என்பதே இனி வினா.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் செல்லும் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் எழுபதை நெருங்கும் மூதாட்டி ஒருவர் தனியே வசிக்கிறார். கணவர் இருந்த காலத்தில் அந்த வீட்டின் பின்கட்டில் விசைத்தறிகள் ஓடின. இன்று தறிகள் இல்லை, கணவரும் இல்லை, ஒரே மகன் ஷார்ஜாவில். ஒருநாள் வைகறையில் அம்மையார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். செல்பேசி சமையலறை மேடையில் இருந்தது. இடையே இருபதடி தூரம். இடுப்பை அசைக்க முடியாமல் அவர் கிடந்தது மூன்று மணி நேரம். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டி, பதில் இல்லாமல், ஆட்களைக் கூட்டித் தாழ்ப்பாளை உடைத்த பிறகே அவரை எடுத்தார்கள்.

செல்லுலார் கடிகாரத்தின் முதல் நன்மை அந்த இருபதடியில் இருக்கிறது. ஆபத்து வரும் வேளையில் செல்பேசி எப்போதும் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பதில்லை. மணிக்கட்டோ உடம்போடு விழுகிறது, உடம்போடு கிடக்கிறது. அம்மையாரின் கையில் அன்று அத்தகைய கடிகாரம் இருந்திருந்தால் மூன்று மணி நேரம் மூன்று நிமிடமாகியிருக்கும். இதனை எவரும் மறுக்க இயலாது.

நன்மைகள் வேறும் உண்டு. 1904-இல் பிரேசில் நாட்டு வான்வலவர் சாண்டோஸ் துமோன், விமானம் ஓட்டும்போது சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை என்று கூற, அவருடைய நண்பர் கார்த்தியே மணிக்கட்டில் கட்டும் கடிகாரத்தைச் செய்து தந்தார். கையை விடுவிப்பதே கைக்கடிகாரத்தின் பிறவிப் பயன். இரு கைகளிலும் வேலை உள்ளவர்க்கும், காது கேளாதவர்க்கும், இரைச்சலில் அழைப்பொலி கேட்காதவர்க்கும் மணிக்கட்டில் உணரும் அதிர்வு ஓர் உதவி. சிறுவர்க்குச் செல்பேசியைக் கொடுத்தால் அதனோடு முடிவில்லாத காட்சிகளையும் விளையாட்டுகளையும் கொடுத்தவர்களாகிறோம். கடிகாரமோ அழைப்பதற்கும் பேசுவதற்கும் மட்டும் போதுமானதாய், பார்த்துக் கொண்டே இருப்பதற்குப் போதாததாய் அமைந்திருக்கிறது. இந்தக் குறை ஒரு நிறை.

மருத்துவப் பயனையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் இத்தகைய கடிகாரம் அணிந்த 4,19,297 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2019-இல் வெளியாயிற்று. நாடித்துடிப்பு ஒழுங்கற்றது என்ற எச்சரிக்கையைப் பெற்றவர்கள் 2,161 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களுள், பின்னர் மார்பில் ஒட்டும் பதிவுக் கருவியை அணிந்து திருப்பியனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினரிடம் இதயத் துடிப்புக் கோளாறு அப்போதும் பதிவாயிற்று. அந்தக் கோளாறு வந்து வந்து போகக் கூடியது. ஆதலால் ஏனையோர்க்கு வந்தது பொய் எச்சரிக்கை என்று கூறிவிட முடியாது. எனினும், கடிகாரம் ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே என்பது இதனால் விளங்கும்.

இனிக் குறைகளைப் பார்ப்போம். இந்த வகைக் கடிகாரங்கள் பலவற்றை ஏறக்குறைய நாள்தோறும் சார்ஜ் செய்தாக வேண்டும். கோபுரத்தோடு நேரே பேசப் பேச மின்சக்தி இன்னும் விரைந்து கரையும். பலர் குளிக்கப் போகும்போதுதான் அதனைக் கழற்றிச் சார்ஜில் போடுகிறார்கள். முதியவர்கள் வழுக்கி விழும் இடமோ குளியலறை! தனித்தியங்குவது என்று பெயர் பெற்றிருப்பினும், முதன்முதலில் அதனை இயங்கச் செய்யப் பெரும்பாலும் ஒரு செல்பேசி வேண்டும். அப்பால் கோபுரம் வேண்டும், இணைப்பு வேண்டும். அதன் விலை ஒரு விசைத்தறித் தொழிலாளியின் ஒரு மாத வருவாயை மிஞ்சக் கூடும். அந்தத் தொழிலாளிக்கு அது பொருந்துமா என்பதும் ஐயமே. தறி இரைச்சலில் அதிர்வு அவனுக்கு உதவலாம். ஆனால் சுழலும் பட்டையும் பற்சக்கரமும் உள்ள இடத்தில் மணிக்கட்டில் எதனையும் கட்டிக் கொண்டு நிற்பது ஆபத்து. இயங்கும் எந்திரத்தின் அருகே உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கூறியதன் காரணமும் அதுவே.

இவை யாவும் கருவியின் குறைகள். மின்கலம் நாளை மேம்படலாம், விலை குறையலாம். பொறியாளர் தீர்க்கக் கூடியவற்றைப் பொறியாளரிடமே விட்டுவிடலாம். அவர்களால் தீர்க்க இயலாத குறை ஒன்று உண்டு. அதனை அறிய, அந்த அம்மையாரின் வீட்டுக்கே மீண்டும் செல்ல வேண்டும்.

இடுப்பு ஆறி அவர் எழுந்து நடந்ததும், மகன் விலையுயர்ந்த செல்லுலார் கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பினார். பாசத்தால் அனுப்பினார், அதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. தாயின் இருப்பிடமும் நடந்த அடிகளும் நாடித்துடிப்பும் ஷார்ஜாவில் அவருடைய செல்பேசியில் தெரியும்படி ஏற்பாடு செய்து கொண்டார். முதல் வாரம் இருவருக்கும் நிம்மதி. இரண்டாம் வாரத்திலிருந்து தொலைபேசியில் கேள்விகள் வரத் தொடங்கின. "ஏம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு நடந்தீங்க? தூக்கம் வரலையா?" "வெள்ளிக்கிழமை சோமனூருக்கு எதுக்கும்மா போனீங்க? இந்த இடுப்ப வச்சுக்கிட்டு பஸ்ல ஏறலாமா?"

அம்மையார் நேரே பதில் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு அவர் எழுவது தஹஜ்ஜுத் தொழுகைக்காக. கணவர் மறைந்த நாளிலிருந்து அவ்வாறு எழுகிறார். அது இறைவனுக்கும் அவருக்கும் இடைப்பட்டது. சோமனூருக்குச் சென்றது, தம் வீட்டுத் தறியில் முன்னர் வேலை செய்து மறைந்தவரின் மனைவிக்குச் சிறு தொகை கொடுத்து வருவதற்காக. அதனை ஊரில் எவரும் அறியார். பெற்றுக் கொண்டவரின் மானம் அதில் அடங்கியிருந்தது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பார்கள். இடக்கையில் கட்டியிருந்த கடிகாரம் அறிந்து கொண்டது. ஷார்ஜாவுக்கும் அறிவித்து விட்டது.

ஒருநாள் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியின் மேல் வைத்துவிட்டார். அங்கே செல்பேசியில் தாயின் நாடி நின்று போனதைக் கண்ட மகன் பதறிப் பக்கத்து வீட்டை அழைத்தார். அந்தப் பெண் ஓடிச் சென்று பார்த்தபோது அம்மையார் திண்ணையில் அமர்ந்து முருங்கைக் கீரை உருவிக் கொண்டிருந்தார். மகனிடம் அவர் சொன்னது இவ்வளவே: "நான் ஊனிக்கறதுக்கு ஒரு தடி இருந்தாப் போதும்னு நெனச்சேன் கண்ணு, நீ கட்டறதுக்குக் கயிறு வாங்கி அனுப்பியிருக்கற."

நூல்கள் பல கற்றவர்களும் இதனைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. தடியும் கயிறும் கையில் இருப்பவைதாம். இரண்டும் விழாமல் காப்பவையே. வேறுபாடு என்ன? தடியின் பிடி நடப்பவர் கையில் இருக்கிறது. கயிற்றின் முனை மற்றொருவர் கையில் இருக்கிறது. கடிகாரத்தின் வழியே அணிந்தவர் பிறரை அழைத்தால் அது தடி. அழைக்கப்படாத பிறர் அதன் வழியே அணிந்தவரைப் பார்த்துக் கொண்டிருந்தால் அது கயிறு. ஒரே கருவி இரண்டாகவும் அமையும்.

கயிறாக மட்டுமே அமைந்ததற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா முதலிய நகரங்களின் மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரங்களைக் கட்டின. பணியாளர் எந்தத் தெருவில் நிற்கிறார், எப்போது வந்தார், எப்போது நகர்ந்தார் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்தவர் திரையில் காண்பார். குறித்த எல்லையை விட்டு நகர்ந்தால் ஊதியம் குறையும் என்ற அச்சம் பணியாளரிடையே பரவியது. கருவியில் படக்கருவியோ ஒலிவாங்கியோ இருக்குமோ என்று அஞ்சிய பெண்கள், அதனைக் கட்டிக் கொண்டு கழிப்பறைக்குச் செல்லவும் கூசினர். 2020-இல் சண்டிகரில் பணியாளர்கள் இதனை எதிர்த்துத் தெருவில் இறங்கினர்.

மாநகராட்சிகளின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. வேலைக்கு வராமலே ஊதியம் பெறும் பொய்ப் பெயர்களைக் களைய வேண்டும் என்றார்கள். தெருக்கள் தூய்மையாக வேண்டும் என்றார்கள். இரண்டும் நல்ல நோக்கங்களே. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம்: அதே அலுவலகத்தில் கோப்புகளைத் தேக்கி வைக்கும் கைகளில் ஏன் இந்தக் கடிகாரம் ஏறவில்லை? குப்பை அள்ளுபவரின் ஐந்து நிமிட ஓய்வு திரையில் தெரிய வேண்டும், மேசையில் அமர்ந்தவரின் ஐந்து நாள் தாமதம் தெரிய வேண்டாம் என்றால், அது ஒழுங்குமுறை ஆகாது. எளியவர் மீது வைக்கப்பட்ட ஐயம் ஆகும். ஆலைச் சங்கு கண்டிப்பானது. ஆயினும் அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒன்றாகவே ஊதியது.

சிறுவர் கதையும் இதனை ஒத்ததே. 2017 அக்டோபரில் நார்வே நாட்டு நுகர்வோர் மன்றம் சிறுவர்க்கான கடிகாரங்கள் சிலவற்றைச் சோதித்து, முன்பின் அறியாத அந்நியரும் அவற்றுள் புகுந்து குழந்தை இருக்குமிடத்தை அறியும் அளவுக்குப் பாதுகாப்புக் குறைகள் இருப்பதை வெளிப்படுத்தியது. காவலுக்கென்று கட்டியது கள்வனுக்கு வழிகாட்டியாகும் நிலை! அடுத்த மாதமே ஜெர்மனியின் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு, சுற்றுப்புறப் பேச்சை ஒட்டுக் கேட்கும் வசதியுள்ள சிறுவர் கடிகாரங்களின் விற்பனையைத் தடை செய்தது. வாங்கியவர்கள் அவற்றை அழித்து விடுமாறும் அறிவுறுத்தியது. பெற்றோர் சிலர் அக்கடிகாரங்களின் வழியே வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதை ஒட்டுக் கேட்டனர் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பிள்ளை தனியே பள்ளி செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஓரத்து ஊர் நம்முடையது. சேலத்திலிருந்து கொச்சிக்கு விரையும் லாரிகள் இரவு பகலாய்க் கருமத்தம்பட்டியைக் கடக்கின்றன. அங்கே பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. பிள்ளை வழி தவறினால் அழைக்கட்டும். பேருந்து வராவிடில் சொல்லட்டும். அதற்குக் கடிகாரம் உதவும் என்றால் கட்டுக. ஆனால் பிள்ளை எங்கே நின்றான், யாரோடு நின்றான் என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கும் பெற்றோர் ஒன்றை இழக்கிறார்கள். "நேரே வீட்டுக்கு வந்தாயா?" என்று கேட்டு, "ஆம்" என்ற சொல்லை நம்பும் வாய்ப்பை இழக்கிறார்கள். பொய் சொல்ல முடியாத பிள்ளையை வளர்ப்பது வேறு. பொய் சொல்லாத பிள்ளையை வளர்ப்பது வேறு. முன்னதைக் கருவி செய்து விடும். பின்னது நம்பிக்கையால் மட்டுமே விளையும். நம்பிக்கையோ, மீற இடம் இருக்கும்போதுதான் மெய்ப்படுகிறது.

"மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் எதற்கு அஞ்ச வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இது கேட்பதற்கு நேர்மையான கேள்வியாகத் தோன்றும். உள்ளே ஒரு பிழை பொதிந்திருக்கிறது. மறைக்கப்படுவது எல்லாம் தீமை என்று இது கருதிக் கொள்கிறது. அந்த அம்மையார் மறைத்தவை எவை? ஒரு தொழுகையும் ஒரு தருமமும். உலகில் தீமை மட்டுமன்று, நன்மையும் மறைவை நாடுகிறது. பிறர் காணும்படி செய்த நன்மையில் புகழின் கலப்பு உண்டு. எவரும் காணாத இடத்தில் செய்ததே தூய்மையானது என்பதை எல்லாச் சமயத்து மூத்தோரும் உணர்ந்திருந்தனர். மறைவிடமே இல்லாத வாழ்வில் தீயவன் சற்று அடங்கலாம். ஆனால் நல்லவன் தன் நன்மையை வைத்துக் காக்கும் இடமும் இல்லாமற் போகும். கண்காணிப்பின் கீழ் விளைவது ஒழுங்கு, அறம் அன்று.

நம் நாட்டுச் சட்டமும் இதனை ஒருவாறு ஏற்றிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடர்ந்த வழக்கில், அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் தரவுகளைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. நிறுவனங்கள் சிறுவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என அது கூறுகிறது. இவை வேண்டியவையே. ஆயினும் அரசுக்கும் நிறுவனத்துக்கும் எல்லை வகுக்கும் சட்டம், தாய்க்கும் மகனுக்கும் இடையே வந்து நிற்காது. அங்கே எல்லையை வகுக்க வேண்டியது மரியாதையே.

"அன்பு கொண்டவனுக்கு அறியும் உரிமை இல்லையா?" என்ற கேள்வி இன்னும் கடினமானது. கடல் கடந்து வாழும் மகனின் இரவுகளை நாம் அறிவோம். தொலைபேசி மணி அடித்தாலே நெஞ்சு திடுக்கிடும் வாழ்க்கை அது. அவனுக்கு ஆறுதல் வேண்டாவா? வேண்டும். ஆனால் அவன் தேடுவது தாயின் பாதுகாப்பா, தன் அச்சத்துக்கு மருந்தா என்று அவனே தன்னைக் கேட்டுக் கொள்ள வேண்டும். தாய் விழுந்தால் உடனே தெரிய வேண்டும் என்பது தாயின் நலம். தாய் நடந்தாலும் தெரிய வேண்டும் என்பது மகனின் அச்சம். முன்னதற்குக் கடிகாரம் போதும். பின்னதற்கு எந்தக் கடிகாரமும் போதாது. பார்க்கப் பார்க்க அது வளரும்.

கருவி செய்ய முடியாத ஒன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். கடிகாரம் அழைக்கும், தூக்காது. தமிழகத்தில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 என்ற எண்ணுக்கு ஆம்புலன்ஸ் வருகிறது. வந்த வண்டி உள்ளே தாழிட்ட கதவின் முன் நின்றால் என் செய்வது? அன்று அம்மையாரைக் காத்தது, வழக்கமான வேளையில் வழக்கமான இருமல் ஒலி கேட்கவில்லையே என்று ஐயுற்ற பக்கத்து வீட்டுப் பெண்ணின் காது. அந்தக் காது அவரை வேவு பார்க்கவில்லை, அவரோடு வாழ்ந்தது. தனித்தியங்கும் கடிகாரத்தை வாங்கிவிட்டோம் என்பதற்காக மனிதரைத் தனித்திருக்க விட்டுவிடலாம் என்று எண்ணுவோமாயின், நாம் வாங்கியது காவலன்று; கடமையிலிருந்து விடுதலைச் சீட்டு.

அந்தக் குடும்பம் எவ்வாறு தீர்வு கண்டது என்பதைச் சொல்லி முடிக்கிறோம். அடுத்த விடுமுறைக்கு மகன் வந்தபோது இருவரும் அமர்ந்து பேசினார்கள். விழுந்தால் அழைக்கும் ஏற்பாடும், பொத்தானை அழுத்தினால் மகனையும் பக்கத்து வீட்டையும் அழைக்கும் ஏற்பாடும் அப்படியே இருக்கும். இருப்பிடத்தையும் நடையையும் நாடியையும் மகன் தன் செல்பேசியில் பார்ப்பது நிறுத்தப்பட்டது. நாடிக் கணக்கை வேண்டும்போது அம்மையாரே மருத்துவரிடம் காட்டுவார். குளிக்கும்போது கடிகாரம் கையில் இருக்கும். மாலையில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பேசிக் கொண்டிருக்கும் வேளையில் சார்ஜில் இருக்கும். கதவின் மேல் தாழ்ப்பாள் எடுக்கப்பட்டு, வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டு வைக்கப்பட்டது; மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில். அனைத்துக்கும் மேலாக, அம்மையார் விரும்பும்போது காரணம் கூறாமல் கடிகாரத்தைக் கழற்றலாம். மகன் பதறக் கூடாது. ஐயம் வந்தால் அழைத்துக் கேட்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையையே நாம் உரைகல்லாகக் கொள்கிறோம். ஸ்மார்ட் வாட்ச் நன்றா, தீதா என்று கேட்பவர்க்கு நம் விடை இதுவே: கட்டியவர் தாமாகவே, காரணம் கூறாமல், தண்டனைக்கு அஞ்சாமல் அதனைக் கழற்ற முடியுமாயின், தாராளமாகக் கட்டுக. தூய்மைப் பணியாளரால் அது முடியவில்லை. ஆகவே அவர் கையில் அது கயிறு. சிறுவனுக்கு அந்த உரிமை வயதோடு படிப்படியாக வளர வேண்டும். வளராவிடில் அவன் கையிலும் அது கயிறே. முதியவர்க்கு அந்த உரிமை என்றும் உண்டு. நம்மை ஈன்று, நாம் கேளாமலே நம் அந்தரங்கத்தைக் காத்தவர்கள் அவர்கள்.

அம்மையார் இன்று அந்தக் கடிகாரத்தை அணிந்திருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு எழுகிறார். ஷார்ஜாவில் மகன் உறங்குகிறான்.